கழுத்தில் முதல் எலும்பு

வாயை நன்றாகத் திறந்து வையுங்கள் என்றேன்.
கழுத்தைப் படமெடுக்க வாய் எதற்கு என்று
கேட்க முடியாதபடி திறந்தே இருந்தது
புவனமலரின் வாய்.
வெற்றிலைச் சிவப்பு. இடப்பக்கம் ஒரு பல் இல்லை.
அந்த வழியாகத்தான் தெரியும்
மண்டையோட்டை ஏந்தி நிற்கும் வளையம்.

மூச்சு. அசையாதீங்க. ஆச்சு.

முள்ளெலும்புகளுக்கு உடல் என்று ஒரு பகுதி உண்டு,
இதற்கு மட்டும் இல்லை.
நடுவில் வெற்றிடம், சுற்றிலும் பொறுப்பு.
"இதுக்குப் பேரு இருக்கா?"
அட்லஸ் என்றேன்.
"சைக்கிளா?"

சைக்கிள்தான். மேட்டுப்பாளையத்தில் வாங்கி
பஸ் கூரையில் கட்டி
குஞ்சப்பனை வளைவுகளில் ஏற்றி வந்தாராம்
அவள் வீட்டுக்காரர்.
சோலூர்மட்டத்து ஏற்றத்தில் அது யாரையும் சுமந்ததில்லை.
கேஸ் சிலிண்டரை வைத்துத் தள்ளினார்கள்.
முன் தகட்டில் ஒருத்தன் குனிந்தபடி
உருண்டை ஒன்றைத் தாங்கிக்கொண்டிருப்பான்.
"அவனா? தண்ணிக் குடம்னுல்ல நெனச்சேன்."

குடமும் இல்லை, உலகமும் இல்லை. வானம்.
யவனர் கதையில்
தேவர்களோடு பொருது தோற்றவன் அவன்.
தோற்றவன் தோளில் வானத்தை வைத்தார்கள்.
தாங்குகிறவன், பொறுக்கிறவன் என்று
பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள்.
கடைசியில் அவனே மலையாகிப் போனானாம்.

அன்று இரவு அகராதியைப் புரட்டினேன்.
பொறை என்றால் பாரம்.
பொறை என்றால் பொறுமை.
பொறை என்றால் மலை.
அவன் யுகயுகமாய் நின்று முடித்ததை
நம் ஆட்கள்
ஒரே சொல்லில் இறக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பகலில், படம் அச்சாகும் வரை,
அவளுக்குச் சொன்னது மீதிக் கதை.
ஒரு பலசாலி வந்தான்.
நீ போய்ப் பொன்பழம் பறித்து வா,
அதுவரை வானத்தை நான் பிடிக்கிறேன் என்றான்.
பறித்து வந்தவனுக்குத் தோள் லேசாக இருந்தது.
இனி நீயே வைத்துக்கொள் என்றான்.
சரி, ஒரு நிமிஷம் பிடி,
சும்மாடு கூட்டிக்கொள்கிறேன் என்றான் பலசாலி.
பிடித்தான்.
அவ்வளவுதான்.

அவள் சிரிக்கவில்லை.
"இத்தன நேரம் சும்மாடு இல்லாமதானே நின்னான்?
இப்ப எதுக்குன்னு கேக்க வேணாம்?"
பிறகு முந்தானையைச் சரிசெய்தபடி,
"எங்கூட்டுலயும் பிள்ளைய
ஒரு நிமிஷம் பிடின்னுதான் குடுத்தாரு.
திருப்பூர் பஸ்ஸு.
அவ இப்ப ஒம்பதாங் கிளாஸு."

அந்தப் பிள்ளையின் பையிலும் ஓர் அட்லஸ் இருக்கும்.
அதில் நீலகிரி நகக்கண்ணளவு பழுப்பு.
சோலூர்மட்டம் இல்லை,
ஈரத்துக்கு இரண்டு கிலோ சாக்குக்கு ஒன்று என்று
கொழுந்து எடையில் கழிக்கும்
கணக்கப்பிள்ளையின் பேனா இல்லை.

மழை மாதத்தில் ஃபாக்டரி விளக்கடியில்
இரு கை அகலத்துக்கு வந்து ஒட்டும் அந்துப்பூச்சிக்கும்
அதே பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.
தின்ன வாய் கிடையாது அதற்கு.
பட்டினியாய்ச் சில நாள் பறந்து
முட்டையிட்டுச் செத்துப்போகும்.
எதையும் தூக்காத ஒன்றுக்கு
ஏன் அந்தப் பெயரோ.
சிறகே பாரம்தான் என்று நினைத்தார்களோ என்னவோ.

டாக்டர் எழுதியதைப் படித்துச் சொன்னேன்:
மூன்று வாரம் தலைச்சுமை கூடாது,
கழுத்துப் பட்டை போட வேண்டும்.

ஆமாம் என்று தலை ஆடுவது
அந்த முதல் வளையத்தின் மேல்.
இல்லை என்று ஆடுவது
அதற்கும் அடுத்த எலும்புக்கும் நடுவில்.
புவனமலர் இரண்டையும் விட்டு
லேசாக ஒருபக்கம் சாய்த்தாள்.
எந்த எலும்பின் கணக்கில் எழுதுவது அதை?

பட்டையைக் கையில் வாங்கி
உள்ளே இருந்த பஞ்சை அமுக்கிப் பார்த்தாள்.
வட்டமாகச் சுருட்டி
உச்சந்தலையில் ஒருதரம் வைத்துப் பார்த்து எடுத்தாள்.

"நல்ல சும்மாடா வரும் சார், இது."